தொட்டியில் ஒரு நண்டு, தட்டில் வேறு நண்டு: கொழும்பில் குடும்பத்தோடு சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

கொழும்பில் ‘ஆசிய உணவு’ என்று பலகை போட்டு, வாசலில் கண்ணாடித் தொட்டிக்குள் உயிர் நண்டு விட்டிருக்கும் கடைகளுக்குக் குடும்பத்தோடு போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள். எங்களுக்கு ஒரு பெரிய நண்டைக் காட்டினார்கள். சமைத்துத் தந்தது வேறு நண்டு. காசு எழுதியதோ காட்டிய நண்டின் எடைக்கும் மேலே. போதாததற்கு, பதிவிலக்கம் காட்டமுடியாத வற் (பெறுமதி சேர்) வரியும் பில்லில் ஏறியிருந்தது.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், விசாரணை முடியவில்லை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது என்பது மட்டும் போதும். இந்த ஏமாற்று ஒரு கடையோடு நிற்கிற வகையானதும் இல்லை. ஆகவே கடையின் பெயரை விட, அது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மாவும் அக்காவும் அக்காவின் மகளும் வந்திருந்தார்கள். பிள்ளைக்குக் கொழும்பில் தாய்லாந்துச் சாப்பாடும் கொரியாக்காரரின் ஐஸ் இனிப்பும் சாப்பிட ஆசை. எனக்கும் இந்த நகரத்தின் சாப்பாட்டில் பெரிய பற்று உண்டு. கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்களின் கைப்பக்குவத்தில் நாசி கோரெங், பாபத் என்ற மாட்டிரைப்பைக் கறி, வட்டலப்பம். புறக்கோட்டை வெயிலில் அலைந்து களைத்தபின் ஒரு கிளாஸ் பலூடா. வெள்ளவத்தையில் ஆவி பறக்கும் தோசை. ஹொட் பட்டர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். சீனச் சாப்பாடு என்று நாங்கள் சொன்னாலும் அது இலங்கையின் சீனக் கடைகளில் பிறந்த சாமான். வெளியிலிருந்து வந்த சமையலை எடுத்துத் தன் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட ஊர் இது. அந்த ஊரைச் சொந்தக்காரருக்குக் காட்டுவது எனக்குப் பெருமையான காரியம். அதனால்தான் இந்தக் கோபமும்.

மெனுவில் நண்டுக்கு 1,200 ரூபா என்று இருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், நூறு கிராமுக்கு என்ற குறிப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் பணியாளரைக் கூப்பிட்டேன். மலையகத்துப் பெடியன், மரியாதையாகக் கதைத்தார். தொட்டியிலிருந்து ஒரு நண்டைத் தூக்கி மேசைக்கே கொண்டுவந்தார்.

“காலையில வந்தது சேர். சிங்கப்பூருக்குப் போற சைஸ்.”

அது பொய்யில்லை. சிங்கப்பூரின் பேர்பெற்ற சில்லி கிராப்புக்கு இலங்கையின் களப்பு நண்டைத்தான் தேடி வாங்குகிறார்கள். எங்கள் நல்ல நண்டு பெருமளவில் விமானம் ஏறிவிடுவதால் உள்ளூரிலும் விலை ஏறி நிற்கிறது.

“இது எவ்வளவு வரும், தம்பி?”

“ஒரு கிலோகிட்ட வரும் சேர். பன்னெண்டாயிரம் மாதிரி.”

“எங்களுக்கு முன்னால நிறுத்துக் காட்டுங்கோ.”

“தராசு கிச்சன்ல சேர். நிறுத்திட்டு வந்து சொல்றேன்.”

வந்து சொல்லவில்லை. அதற்குப் பதில் நாங்கள் கேட்காத இறால் அப்பளம் ஒரு தட்டு வந்தது. இரண்டு போத்தல் தண்ணீரும் உடைத்து ஊற்றப்பட்டது. எடையைத் திரும்பக் கேட்டபோது, “சமைக்க ஆரம்பிச்சாச்சு சேர்” என்றார்.

பெரியம்மா குருநகர்க்காரி. பெரியப்பா கடலுக்குப் போன காலமெல்லாம் கரையில் நின்று நண்டு தெரிந்து விற்றவர். அந்த நண்டை மேசையில் வைத்தபோதே அவர் ஒன்று சொன்னார்: “இடப்பக்கக் கொடுக்கு உடைஞ்சு புதுசா முளைச்சிருக்குது. பாருங்கோ, குட்டை.” நண்டுக்குக் கொடுக்கு போனால் திரும்ப வளரும், ஆனால் பழைய அளவுக்கு வரப் பல தடவை ஓடு கழற்றவேண்டும். அதுவரை ஒன்று பெரிது, ஒன்று சிறிதாகவே இருக்கும். பிள்ளை அதை ஆச்சரியமாகப் பார்த்து, பெரியம்மாவின் கையையும் நண்டையும் சேர்த்துப் படம் எடுத்தாள். விளையாட்டாக எடுத்த அந்தப் படம்தான் பிறகு எங்களுக்குச் சாட்சி.

சமைத்த நண்டு வந்தது. மிளகாய், தக்காளி, முட்டை எல்லாம் போட்ட செந்நிறக் குழம்பு. மணம் நன்றாகவே இருந்தது. பெரியம்மா குழம்பை ஒதுக்கி இரண்டு கொடுக்கையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓட்டை விரலால் அழுத்தினார். மெல்லியது, அமிழ்ந்தது. உடைத்தால் உள்ளே சதையை விடத் தண்ணீர்தான் அதிகம்.

“தம்பி, இது அந்த நண்டில்லை. ரெண்டு கொடுக்கும் ஒரே அளவு. இது ஓடு கழட்டிக் கொஞ்ச நாள் கூட ஆகேல்லை.”

சமைத்தால் நண்டின் ஓடு சுருங்காது, குட்டைக் கொடுக்கு நீளாது. இதை யாரும் விவாதிக்கமுடியாது. பணியாளர் தலையைக் குனிந்துகொண்டு, மேனேஜரிடம் சொல்வதாகப் போனார். மேனேஜர் வரவில்லை. இனிப்புத்தான் வந்தது.

இனிப்பைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்ட கொரிய ஐஸ் இனிப்பு இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக மாம்பழ ஸ்டிக்கி ரைஸ், ஒன்று 1,400 ரூபா. தாய்லாந்தில் அதற்குப் பாவிப்பது தனி அரிசி. ஒட்டும் தன்மை அரிசியிலேயே உண்டு. ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, சீனியும் உப்பும் கலந்த தேங்காய்ப்பாலை, சோறு சூடாக இருக்கும்போதே ஊற்றி உறிஞ்சவிடுவார்கள். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் ஒன்றையொன்று விடாது. எங்களுக்குத் தந்தது கீரிச்சம்பாவைக் குழைய அவித்து, மேலே ரின்பால் ஊற்றிய பாற்சோறு. மாம்பழம் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து புளித்திருந்தது. தேங்காய் விளைகிற நாட்டில், தேங்காய்ப்பாலுக்கே பெயர்போன ஓர் இனிப்பில் ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் இல்லை. ஓர் இனிப்பைப் பிழையாகச் செய்தால் அது கைப்பிழை என்று விடலாம். நண்டை மாற்றியவர்கள் அரிசியையும் மாற்றுவார்கள் என்றே எனக்குப் பட்டது.

பிறகு பில். நண்டு 1.34 கிலோ, 16,080 ரூபா. கேட்காத அப்பளம் 650. தண்ணீர்ப் போத்தல் ஒன்று 350, இரண்டுக்கு 700. சூப், நாசி கோரெங், கணவாய், இனிப்பு எல்லாம் சேர்த்து 29,130. அதற்கு மேல் பத்து வீதச் சேவைக் கட்டணம். அந்தத் தொகைக்கு மேல் 18 வீத வற். கார்டில் கட்டினால் இன்னும் மூன்று வீதம். கடைசியில் 38,945 ரூபா.

தண்ணீரிலிருந்தே தொடங்கினேன். அது ஒரு லீட்டர்ப் போத்தல். போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரலில் அரசாங்கம் உச்ச சில்லறை விலை விதித்தது. ஒரு லீட்டருக்கு 100 ரூபா. அடுத்ததாக வற். 2022 நடுப்பகுதிவரை 8 வீதமாக இருந்தது, அதே வருடத்தில் 12, பிறகு 15, 2024 ஜனவரி 1 முதல் 18. இப்படி வருடத்துக்கு வருடம் ஏறியதில் பில்லின் அடியில் என்ன வரி எழுதினாலும் “அரசாங்கம் போட்டது” என்று நாங்கள் கட்டிவிட்டு எழும்பப் பழகிவிட்டோம். ஆனால் வற் வரிக்குப் பதிவுசெய்த வியாபாரிதான் அதை அறவிடலாம். பதிவுசெய்தவருக்கு இலக்கம் உண்டு, அது 7000 என்று முடியும். எங்கள் பில்லில் அப்படி எந்த இலக்கமும் இல்லை. இலக்கம் போட்ட வரிப் பற்றுச்சீட்டுத் தாருங்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் மேனேஜர் வந்தார். முதலில், சமையலறையில் நண்டு மாறியிருக்கலாம் என்றார். பிறகு நண்டில் இருபது வீதம் குறைப்பதாகச் சொன்னார். நான் படத்தைக் காட்டினேன். பெரியம்மா இரண்டு கொடுக்கையும் தட்டோடு அவர் பக்கம் தள்ளினார். வற் இலக்கத்தைத் திரும்பவும் கேட்டேன். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார். அதே சிஸ்டத்தில்தான் பத்து நிமிடத்துக்குள் புதிய பில் அடித்து வந்தது. வற் வரி காணாமல் போயிருந்தது. அப்பளம் இல்லை. தண்ணீர்ப் போத்தல் ஒன்று 100 ரூபாவாகியிருந்தது. நண்டு, எந்தத் தராசையும் ஒருவரும் பார்க்காமலே, 800 கிராம் ஆகி 9,600 ரூபாவுக்கு வந்து நின்றது. சேவைக் கட்டணத்தோடு 23,650. முதல் பில்லை மேசையிலிருந்து எடுக்கக் கைநீட்டினார். பிள்ளை அதையும் ஏற்கெனவே படம் எடுத்திருந்தாள். காசாகக் கட்டினோம், இரண்டு பில்லையும் வைத்துக்கொண்டோம்.

15,295 ரூபா. கேட்டதால் குறைந்த தொகை இது. கேட்காமல் போன மேசைகளில் எவ்வளவு போயிருக்கும்?

இவர்கள் யாரைத் தெரிந்தெடுக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரை, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவரை, பெண் பார்க்க வந்த வீட்டாரை ஒருவர் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் மேசையைத்தான். விருந்தாளிக்கு முன்னால் விலை கேட்க எங்களுக்குக் கூச்சம். பில்லை அவர்கள் கண்ணில் படாமல் மடித்து வைத்துக் கட்டுவதுதான் எங்கள் பழக்கம். அந்த நல்ல பழக்கத்தைத்தான் இவர்கள் சம்பாத்தியமாக்குகிறார்கள். அக்கா கூட அன்று, “விடு, எங்களால உனக்குக் கரைச்சல்” என்றுதான் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லவேண்டி வந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வரும்போது அந்தப் பெடியன் படிக்கட்டு வரை வந்தார். “அண்ணே, என்னால அங்க சொல்ல ஏலாது. வேலை போயிரும்.” சேவைக் கட்டணம் தங்களுக்கு ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். அதனால் கோபம் வந்தால் தட்டு தூக்குகிற பிள்ளைகள்மேல் அதைக் கொட்டாதீர்கள். முதலாளியையோ மேனேஜரையோ கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி, இப்படியான கடைக்குப் போகிறவர்கள் செய்யவேண்டியது. நண்டு, சிங்க இறால், முழு மீன் என எடைக்கு விற்கும் எதையும் உங்கள் கண்ணுக்கு முன்னால் நிறுக்கச் சொல்லுங்கள். கொடுக்கைக் கட்டியிருக்கும் தடித்த ஈரக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அல்லது அதன் எடையைக் கழித்துவிட்டு. வியாபாரத் தராசுகளை வருடந்தோறும் பரிசோதித்து முத்திரை குத்தவேண்டும் என்பது 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின் கீழ் வரும் கடமை. தராசை மேசைக்குக் கொண்டுவர மறுக்கும் கடையில் நண்டு எடுக்கவேண்டாம், சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுங்கள். நிறுத்தபின் கிராமையும் மொத்த விலையையும் ஓடர் துண்டில் எழுதச் சொல்லுங்கள். நண்டைத் தராசின் மேலேயே படம் எடுங்கள். கேட்காமல் வரும் தட்டு எதையும் தொடமுன், இதற்குக் காசா என்று கேளுங்கள்.

கார்டுக்கு மேலதிக வீதம் கேட்டால் கட்டவேண்டியதில்லை. வங்கியோடு வியாபாரி செய்துகொள்ளும் ஒப்பந்தம் அதை அனுமதிப்பதில்லை என்று மத்திய வங்கியே அறிவித்திருக்கிறது. உங்களுக்குக் கார்ட் தந்த வங்கியிடம் பில்லோடு முறையிடலாம். வற் இலக்கத்தில் சந்தேகம் வந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் கேளுங்கள். கொம்பனித்தெருவில் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் அவர்களின் தலைமை அலுவலகம் இருக்கிறது.

ஏமாற்றுக்கு முறைப்பாடு செய்யும் இடம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி விலையைக் காட்சிப்படுத்துவதும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவதும் வியாபாரியின் கடமை. நான் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். இரண்டு பில்லின் பிரதியும், தொட்டி நண்டின் படமும், தட்டில் வந்த நண்டின் படமும் இணைத்தேன். அழுகியது, பழுதானது, வயிற்றைக் கெடுத்தது என்றால் அது வேறு வழி. மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அன்றன்றே சொல்லவேண்டும், பிந்தினால் மாதிரி எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க மூன்று மாதம் அவகாசம் உண்டு. இதே மாதிரி எடை கூடிய நண்டு, இலக்கம் இல்லாத வற் போட்ட பில் உங்கள் பேர்ஸில் மடிந்து கிடந்தால், திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் ஆகவில்லையென்றால் இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுங்கள்.