சுங்கை சிப்புட்டில் உரிமை விளக்கம்: தனியாகவா, கூட்டாகவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இன்று செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியர்கள் பலர். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த நம்மவர்களும் இருக்கிறார்கள். தொழிலாளர்களாகத் தங்களுக்கு என்ன உரிமை என்ற விளக்கம் இரு தரப்புக்கும் வேண்டும். யார் கொடுப்பது?

முதல் வழி, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாகாம் தனியாக வருவது. புகாரை இங்கேயே விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அது பெரிய பலம். ஆனால் மண்டபத்தில் ஒரு கூட்டம், கையில் மலாய்த் துண்டுப்பிரசுரம், அப்புறம் தேநீர் என்று முடிந்துவிட்டால்? அப்படி ஒரு கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்த பாட்டி, தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். “படிச்சுச் சொல்ல பேரன் வரணும்யா” என்றார்.

இரண்டாவது, சுஹாகாமும் இந்தோனேசியாவின் தேசிய மனித உரிமை ஆணையமான கொம்னாஸ் ஹாமும் சேர்ந்து செய்வது. கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) முதலாளி பிடித்து வைப்பது மலேசியாவில் குற்றம், 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்பதை, தொழிலாளி ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே அங்கே சொல்லிவிடலாம். அதே செய்தி, அதே படத்தோடு, சம்பள நாளன்று இங்குள்ள மளிகைக் கடைச் சுவரில் தமிழிலும் இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சம்பளச் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டு நாட்டு ஆணையங்கள் என்றால் வேலை மெதுவாகத்தான் நகரும். சரி, இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு ஞாயிறு, தமிழ்ப்பள்ளி வராந்தாவில் இருமொழித் தாள்களோடு மேசை போட்டுத் தொடங்கிவிடலாம்.