வருஷத்துக்கு 600 ரூபா சங்கச் சந்தா: கட்டலாமா வேணாமா?

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு காலிங் பெல் அடிச்சா ஒண்ணு கொரியர், இல்லன்னா எங்க ஏரியா குடியிருப்போர் நலச்சங்கம். கையில ரசீது புக்கு, நடுவுல கார்பன் பேப்பர், ரெண்டு பெரியவங்க, "சார் சந்தா" ம்பாங்க. 2021ல நாங்க இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த மாசமே வந்துட்டாங்க, எதுக்கு சார்னு கேட்டேன், "எல்லாத்துக்கும் தான்"னாரு, 600 ரூபா போச்சு. அதுல இருந்து வருஷா வருஷம் கட்டுறேன். இந்த வருஷம் மாமியார் "இதுல நமக்கு என்ன மாப்ள கெடைக்குது"ன்னு கேட்டாங்க, டக்குனு பதில் வரல எனக்கு, அதான் உக்காந்து எழுதுறேன்.

ஏரியா பேரு, சங்கத்து பேரு ரெண்டும் போடல. நாளைக்கும் அதே தெருவுல தான நடக்கணும். தென்சென்னை, வேளச்சேரி தாண்டி, 2011 வரைக்கும் பஞ்சாயத்தா இருந்த இடம்னு மட்டும் வெச்சுக்கோங்க. அந்த வருஷம் தான் சுத்தி இருந்த நகராட்சி பேரூராட்சி பஞ்சாயத்தெல்லாம் சேத்து சென்னைய 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426 ஆக்குனாங்க, வார்டும் 155ல இருந்து 200 ஆச்சு. பஞ்சாயத்து காலத்துல எதுன்னாலும் ஒரே ஆபீஸ், ஒரே கிளார்க்காம். மாநகராட்சி ஆனதுக்கப்புறம் எதுக்கு எங்க போறதுன்னே தெரியாம முழிச்சிருக்காங்க, அந்த முழிப்புல பொறந்தது தான் எங்க நலச்சங்கம்னு செயலாளர் சொல்லுவாரு. டெலிபோன்ஸ்ல ரிடையர் ஆனவரு, பேச ஆரம்பிச்சா அரை மணி நேரம் போயிடும், பால் வாங்கப் போகும்போது எதிர்ல வந்தா கொஞ்சம் யோசிச்சு ரூட்ட மாத்திக்கோங்க.

முதல்ல செய்திமடல். மாசம் ஒண்ணு, ஏ4 பேப்பர், ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ், கேட்டுல சொருகிட்டு போவாங்க. மயிலாப்பூர் டைம்ஸ், மாம்பலம் டைம்ஸ் மாதிரி வாசல்ல வந்து விழற இலவச பேப்பர் பாத்து வளந்த ஆளுங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். முதல் பக்கத்துல பாதிக்கு மேல நன்றி தான். விளக்கு போட்டதுக்கு நன்றி, நன்றி சொன்ன கூட்டத்துக்கு வந்ததுக்கு நன்றி, பொன்னாடை போத்துனவருக்கு நன்றி. அப்புறம் கண் பரிசோதனை முகாம், பிளஸ் டூல மார்க் வாங்குன பசங்க போட்டோ (ஜெராக்ஸ்ல எல்லா பசங்களும் ஒரே மாதிரி கருப்பா இருக்கும்), காலமானார் செய்தி, மாசாந்திர பராமரிப்புக்கு என்னைக்கு கரண்ட் கட்டுன்னு ஒரு வரி. இது வரைக்கும் பாத்துட்டு தான் நான் முதல் ரெண்டு வருஷம் பேப்பர மடிச்சு பூரிக்கட்டைக்கு அடியில வெச்சேன்.

ரெண்டாவது பக்கத்துல கீழ ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கும், தலைப்பு "புகார் நிலவரம்". தேதி, எந்த தெரு, என்ன பிரச்சனை, எந்த ஆபீஸ், புகார் நம்பர், இப்ப என்ன நெலம. இணைச் செயலாளர் ஒரு அம்மா, ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க, எல்லாரும் டீச்சரம்மான்னு தான் கூப்புடுவோம், அவங்க கையெழுத்துல வரும். முடிஞ்சத டிக் பண்ணிருப்பாங்க, முடியாதத அடுத்த மாசமும் அப்படியே தூக்கி எழுதுவாங்க. ஒரு மேன்ஹோல் மூடி விஷயம் பதினோரு மாசம் தொடர்ந்து வந்துச்சு, பதினோராவது மாசம் அத சிவப்பு மையில எழுதி, அந்த வரிய மட்டும் கலர்ல பிரிண்ட் எடுத்து ஒட்டிருந்தாங்க. அடுத்த மாசம் டிக். எதனால முடிஞ்சுச்சுன்னு யாருக்கும் தெரியாது, சிவப்பு மைன்னு நான் நம்புறேன்.

600 ரூபாய்க்கு உண்மையான சரக்கு இந்த அட்டவணை தான். ஏன்னா மெட்ராஸ்ல பாதி புகார் வீணாப் போறது தப்பான கதவத் தட்டுறதால. தெருவிளக்கு எரியலன்னா நம்ம ஆளுங்க ஈபிக்கு போன் போடுவாங்க, அது மாநகராட்சி வேலை, 1913க்கு அடிக்கணும், கம்பத்துல எழுதிருக்கிற நம்பரையும் சேத்து சொல்லணும். வீட்ல கரண்ட் போனா, டிரான்ஸ்பார்மர் புகைஞ்சா மின்னகம், அதாவது ஈபியோட புகார் மையம், 94987 94987. மழைத்தண்ணி வடிகால் மாநகராட்சியோடது, சாக்கடை அடைச்சா குடிநீர் வாரியம், ரெண்டும் ரோட்டுல ஒரே மாதிரி மூடி தான் போட்டிருக்கு, நமக்கு என்ன தெரியும். மெயின் ரோடு சிலது நெடுஞ்சாலைத் துறையோடது. டீச்சரம்மாவுக்கு போன் பண்ணி "அம்மா தண்ணி தேங்குது"ன்னா அவங்க கேக்குற முதல் கேள்வி "நாத்தம் வருதா இல்லையா தம்பி". நாத்தம் வந்தா ஒரு ஆபீஸ், வரலன்னா வேற ஆபீஸ். அவ்ளோ சிம்பிள், ஆனா நாப்பது வயசு வரைக்கும் எனக்கு இது யாரும் சொல்லித் தரல.

வாட்ஸ்அப் குரூப் பத்தி என்ன சொல்றது. குட்மார்னிங் ரோஜாப்பூ, கிட்னிக்கு வாழைத்தண்டு, "யாருக்கெல்லாம் கரண்ட் இருக்கு", பூனை காணோம், பூனை கெடைச்சிருச்சு. போன எலெக்‌ஷன் டைம்ல ரெண்டு மாமா அடிச்சுக்காத குறை, அட்மின் மட்டும் பேசலாம்னு பூட்டிட்டாங்க, இப்ப அட்மின் குட்மார்னிங் மட்டும் வருது. மியூட்ல போடுங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வந்தப்போ அந்த குரூப்பு எவ்ளோ உபயோகம்னு தெரிஞ்சுச்சு, நாலாந்தேதி மதியத்துக்கு மேல யாருக்கும் போன்ல சார்ஜ் இல்ல, டவர் இல்ல, தெருவுல முட்டிக்கு மேல தண்ணி, எங்களுக்கு மூணு நாள் கரண்ட் இல்ல. நாங்க முதல் மாடி, சாமான்லாம் தப்பிச்சுது, கீழ் வீட்டு பாட்டிய தூக்கிட்டு வந்து எங்க ஹால்ல படுக்க வெச்சோம். அஞ்சாந்தேதி காலைல ஒரு பையன், காலேஜ் படிக்கிறவன், தண்ணில நடந்து வந்து கேட்ட தட்டுறான், தலைல பாலித்தீன் கவர், கையில ஒரு பேப்பரு லேமினேட் பண்ணது. "தரைத்தளத்துல ஒரு பாட்டி, தனியா, சுகர் மாத்திரைன்னு போட்டிருக்கு, இருக்காங்களா அண்ணா"ங்கறான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கேட்டா, சங்கத்துல ஒவ்வொரு தெருவுக்கும் தனியா இருக்கிற வயசானவங்க லிஸ்ட் வெச்சிருக்காங்க, கதவு நம்பர், என்ன மாத்திரை, யார்கிட்ட சாவி இருக்கு வரைக்கும். 2015 வெள்ளத்துல ஒரு தாத்தாவ ரெண்டு நாள் கழிச்சு தான் கண்டுபிடிச்சாங்களாம், உயிரோட தான், ஆனா அதுக்கப்புறம் டீச்சரம்மா போட்ட லிஸ்ட்டு அது, வருஷா வருஷம் செப்டம்பர்ல அப்டேட் பண்றாங்க. லேமினேஷன் ஏன்னு அப்ப தான் புரிஞ்சுது.

அன்னைக்கு பால் எங்கயும் கெடைக்கல, ஊரே பாலுக்கு அலைஞ்சுது. எங்க முனை மளிகைக்கடை ஷட்டர்ல ஒரு பலகை மாட்டி சாக்பீஸ்ல எழுதிட்டாங்க, எந்த வீட்ல ஜெனரேட்டர் இருக்கு, எந்த மாடில போன் சார்ஜ் போட்டுக்கலாம், கைக்குழந்தைக்கு பால் பவுடர் எங்க, படகு எப்ப வருது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ அழிச்சு எழுதுனாங்க. அந்த மாச செய்திமடல் வரல, வந்த இதழ்லயே பெஸ்ட் இதழ் அந்த பலகை தான்.

சரி இப்ப திட்டு.

முதல் திட்டு, வாடகைக்கு இருக்கிறவன் இவங்களுக்கு மனுஷனே இல்ல. சந்தா வாங்கிக்குவாங்க, மழைக்கு முன்னாடி வடிகால் வாய்ல அடைச்ச குப்பைய அள்ளக் கூப்புடுவாங்க, பொங்கலுக்கு சேர் தூக்கச் சொல்லுவாங்க, ஆனா பொதுக்குழுவுல கை தூக்குனா "நீங்க டெனன்ட் தான தம்பி"ம்பாங்க. பைலால, அதான் சங்கத்து விதிப் புத்தகத்துல, வீட்டு ஓனருக்கு மட்டும் தான் ஓட்டுன்னு எழுதி வெச்சிருக்காங்க. எங்க ஓனர் கோயம்புத்தூர்ல இருக்காரு, நாலு வருஷத்துல நான் அவர ரெண்டு தடவ பாத்திருக்கேன், அவருக்கு இந்த தெருவுல எந்த வீட்டு நாய் கடிக்கும்னு கூட தெரியாது, அவருக்கு ஓட்டு இருக்கு. தெருவுல கிட்டத்தட்ட பாதி வீடு வாடகை தான், அப்ப பாதி தெரு வெளிய தான் நிக்குது.

அடுத்தது கணக்கு. சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன் படி பதிவு பண்ணதுன்னு ரசீதுல பெருசா போட்டிருக்கு, நிர்வாகக் குழுவுக்கு மூணு வருஷம் தான் காலம். இங்க மூணு வருஷம் முடியும், "போட்டியின்றி"ன்னு அறிவிப்பாங்க, கைதட்டல், கேசரி, அதே ஆளுங்க. வரவு செலவுல "இதர செலவு"ன்னு ஒரு வரி இருக்கு, அது என்னன்னு கேட்டேன், இதரமான செலவுன்னாரு பொருளாளர். சிசிடிவிக்குன்னு தனியா வீட்டுக்கு ஆயிரம் வாங்குனாங்க, எட்டு கேமரா மாட்டுனாங்க, போன தீபாவளிக்கு எங்க பில்டிங் வாசல்ல ஒரு சைக்கிள் காணாமப் போய் புட்டேஜ் கேட்டா ஓடிட்டு இருக்கிறது ரெண்டு தான், அதுல ஒண்ணு முருங்கை மரத்த தான் பாத்துட்டு இருக்கு. திருடுனாங்கன்னு சொல்லல, அப்படிப்பட்ட ஆளுங்க இல்ல. ஆனா காச வாங்குனா பராமரிக்கணுமே.

காம்போஸ்ட் முயற்சியும் ஒண்ணு நடந்துச்சு, மூணு ட்ரம், புழு, நாத்தம், சண்டை, முடிஞ்சுது. பெரியவங்க ஆளாளுக்கு "எக்ஸ்நோரா காலத்துல"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. 1989ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச இயக்கம் அது, தெருவுக்கு ஒரு ட்ரைசைக்கிள், ஒரு ஆளு, வீட்டுக்கு மாசம் ஒரு சின்ன தொகைன்னு போட்டு வீட்டு வாசல்ல குப்பை எடுக்குறத அப்பவே செஞ்சு காட்டுனவங்க. இப்ப பேட்டரி வண்டி தெருவுக்குள்ள வருது, மக்கும் குப்பை மக்காத குப்பை பிரிச்சுக் குடுக்கச் சொன்னா தான் நம்ம ஜனத்துக்கு கை வலிக்குது.

மழைநீர் சேகரிப்பு விஷயத்துல மட்டும் இவங்கள கையெடுத்துக் கும்புடலாம். 2003ல எல்லா வீட்டுக்கும் கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, அப்ப போட்ட குழியெல்லாம் மண்ணு மூடி பேருக்கு தான் கெடக்குது ஊர் முழுக்க. 2019ல ஏரியெல்லாம் வத்தி லாரி தண்ணிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு குடம் தூக்குனதுக்கப்புறம் தான் எங்க தெருவுல புத்தி வந்துச்சாம். இப்ப ஐப்பசி மழைக்கு முன்னாடி சங்கமே ஆள் புடிச்சு வீடு வீடா குழிய தூர் வாரி ஜல்லி மாத்திக் குடுக்குறாங்க, மொத்தமா பேசுறதால தனியா கூப்புடுறத விட நல்லா கம்மி. எங்க ஓனர்கிட்ட காசு வாங்குனதும் அவங்க தான், நான் கேட்டிருந்தா "பாக்கலாம்"னு வெச்சிருப்பாரு.

அப்புறம் அந்த பார்க். பெரிய லே-அவுட் போட்டா 10 சதவீதம் பொது இடம்னு ஒதுக்கி எழுதிக் குடுக்கணும், ஓஎஸ்ஆர் நிலம்னு சொல்லுவாங்க, அப்படி ஒரு துண்டு நிலம் எங்க பின் தெருவுல கெடந்துச்சு. முதல்ல ஒரு மாடு கட்டுனாங்க, அப்புறம் மாட்டுக்கு கூரை, அப்புறம் கூரைக்கு சுவரு. செயலாளர் பழைய லே-அவுட் வரைபடத்த தேடி எடுத்து, மனு மேல மனு போட்டு, கடைசில அத மீட்டுட்டாங்க. இப்ப நமக்கு நாமே திட்டத்துல மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்த அரசு போடும்னு வசூல் பண்றாங்க, நடைபாதைக்கு. அரை மணி நேரம் பேசுற மனுஷன் எனக்கு போர் தான், ஆனா அதே பேச்சு ஆபீஸ்ல போய் உக்காந்தா எதிர்ல இருக்கிறவங்க கையெழுத்து போட்டு அனுப்பிடுவாங்க போல.

இதுல எனக்கு உபயோகமா ஒரு விஷயம் கத்துக்கிட்டேன், வாடகைக்காரங்க கவனிங்க. 2022ல ஏரியா சபை, வார்டு கமிட்டின்னு விதி கொண்டு வந்தாங்க, கிராமசபை மாதிரி நகரத்துக்கு. வார்ட பல ஏரியாவா பிரிச்சு கூட்டம் போடணும். அதுல சொந்த வீடு வாடகை வீடு கணக்கே இல்ல, அந்த ஏரியா வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தா போதும். டீச்சரம்மா தான் சொன்னாங்க, "இங்க பேச விட மாட்டேங்குறாங்கன்னா அங்க வந்து பேசு தம்பி". ஓட்டர் ஐடிய இந்த அட்ரஸுக்கு மாத்திட்டு போனேன், ஸ்கூல் பக்கத்துல வேகத்தடை வேணும்னு மைக்ல சொன்னேன், கூட்டத்துல எழுதுற மினிட்ஸ் நோட்டுல என் பேரு ஏறுச்சு. முன் வரிசைல உக்காந்திருந்த எங்க பொருளாளர் திரும்பிப் பாத்தாரு பாருங்க, அதுக்கே ஒரு 600 குடுக்கலாம்.

வேகத்தடை இன்னும் வரல. அட்டவணைல இருக்கு, நாலாவது மாசம்.

ஸ்டார் போடணும்னா அஞ்சுக்கு மூணரை. புகார் அட்டவணைக்கும் அந்த லேமினேட் லிஸ்ட்டுக்கும் அஞ்சு, கணக்குக்கு ரெண்டு, வாட்ஸ்அப்புக்கு பூஜ்யம், கேசரிக்கு நாலு. மாமியார்கிட்ட கட்டலாம்னு சொல்லிட்டேன், கீழ் வீட்டு பாட்டிக்கும் நானே சேத்து கட்டிட்டேன்.

உங்க ஏரியாவுலயும் சங்கம் இருந்தா, சேர்றதுக்கு முன்னாடி பழைய செய்திமடல் ரெண்டு மூணு வாங்கிப் பாருங்க, நன்றி எத்தனை வரி, புகார் எத்தனை வரின்னு எண்ணுங்க. பைலா காப்பி கேளுங்க, டெனன்டுக்கு ஓட்டு உண்டான்னு பாருங்க. எங்க கூட்டம் மாசத்துல முதல் ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணின்னு போட்டிருப்பாங்க, அஞ்சே முக்காலுக்கு போனா போதும். பணம் குடுத்தா ரசீது உங்க பேர்ல எழுதச் சொல்லுங்க, எனக்கு மூணு வருஷமா ஓனர் பேர்ல தான் கிழிச்சுக் குடுத்துட்டு இருந்தாங்க.