இறங்காத விரையும் மேலேறும் விரையும்: குறியீட்டில் ஓர் ஒப்பீடு

நோய்களுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் ஒருபக்க இறங்காத விரைக்கு கியூ53.1 என்றும், இருபக்கமானால் கியூ53.2 என்றும் குறியீடு உண்டு. அவ்வப்போது மேலேறிச் செல்லும் விரையோ கியூ55.2-இல் அடங்குகிறது. ‘விரைப்பை காலி’ என்று மட்டும் எழுதிய குறிப்பிலிருந்து இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை. கையால் விரைப்பைக்குள் இறக்கியபின், இழுத்துப் பிடிக்காமலே விரை சற்று நேரம் அங்கே தங்கியதா, உடனே மேலேறியதா என்பதே முடிவைத் தீர்மானிப்பதால் (தங்கினால் அது மேலேறும் விரை, உடனே மேலேறினால் இறங்காத விரை), அந்த ஒரு வரியை மருத்துவர் எழுதியே ஆகவேண்டும் என்பேன். இறங்காத விரைக்குப் பொதுவாக 6 முதல் 18 மாத வயதுக்குள் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. மேலேறும் விரைக்கு ஆண்டுதோறும் பரிசோதனை போதும், எனினும் அது பின்னாளில் மேலேயே நின்றுவிடவும் கூடும். கியூ53.1 இடமா வலமா என்று சொல்வதில்லை; ஆகவே பக்கத்தையும், விரை தொடையிடுக்கில் உள்ளதா வயிற்றுக்குள் உள்ளதா என்பதையும் குறிப்பிலேயே தெளிவாகப் பதிய வேண்டும்.