ஹார்மன் டைரக்ட் பாசிட்டிவ் பேப்பர் வாங்கலாமா?

நண்பர் ஒருவர் கேட்டார். பின்ஹோல் கேமராவும் (லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை) இருட்டறையும் அவரிடம் உண்டு. அதனால், கேமராவுக்குள் வைத்து எடுத்தால் நெகட்டிவ் இல்லாமல் இந்தப் பேப்பரிலேயே நேரே படம் வரும் என்ற பெருமையை விட்டுவிட்டு, என் தீராத எரிச்சலிலிருந்தே தொடங்குகிறேன்: நிழல்.

உச்சி வெயிலில் எடுத்தால் மரத்தடி, திண்ணை, வாசல்நிலை எல்லாம் மை கொட்டியதுபோல் ஒரே கறுப்பு. கான்ட்ராஸ்டை மாற்ற உதவும் மல்டிகிரேடு ஃபில்டர் போட்டுத் தணிக்கவும் வழியில்லை. கான்ட்ராஸ்ட் இந்த வகைப் பேப்பருக்குப் பிறவிக் குணம்.

படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரில் போட்டால் முழுக்கக் கறுத்துவிடும் நிலையில்தான், தாளின் மேலுள்ள ஒளியுணர் பூச்சான எமல்ஷன் தயாராகி வருகிறது. கேமராவில் படும் ஒளி அந்தக் கறுப்பைக் கலைக்கிறது. ஆகவே கணக்கு தலைகீழ்: படம் இருண்டால் எக்ஸ்போஷர் (பட்ட ஒளி) போதவில்லை, வெளுத்தால் கூடிவிட்டது. ப்ரோமைடு பேப்பரில் (ஒளி பட்ட இடம் கறுக்கும் சாதாரணத் தாள்) பழகிய கை இங்கேதான் தவறும். கறுக்கிறதே என்று பதறி அரை நிமிடத்தில் வெளியே எடுத்தால் திட்டுத்திட்டான சாம்பல்தான் மிஞ்சும். மல்டிகிரேடு டெவலப்பர் 1+9 (ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர்), 20 டிகிரி, முழுதாக 2 நிமிடம், டிரே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீர் அதைவிட மிகச் சூடு. பெரிய டிரேயில் ஐஸ் தண்ணீர் ஊற்றி அதற்குள் டெவலப்பர் டிரேயை வையுங்கள். டெவலப்பரை நிறுத்தும் ஸ்டாப் 10 விநாடி, படத்தை நிலைப்படுத்தும் ரேபிட் ஃபிக்ஸர் 1+4இல் 1 நிமிடம். ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சில்லாத தாள்) என்பதால் ஓடும் நீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும்.

இருட்டறை விளக்கான சேஃப்லைட் அடர்சிவப்பாக இருக்கட்டும். ஆம்பர் விளக்கில் தாள் ஃபாக் ஆனால் (வேண்டாத ஒளி பட்டுவிட்டால்) வெள்ளையில் அழுக்கு தெரியாது, கறுப்புதான் சாயம்போகும். காரணம் புரியாமல் டெவலப்பரைக் குறை சொல்வோம்.

வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 1 முதல் 3. டைட்டன் 4×5 பின்ஹோல் கேமராவில் உள்ளதுபோன்ற எஃப்/206 (மிகச் சிறிய) துளைக்கு, ஐஎஸ்ஓ 3 என்று வைத்தால் நல்ல வெயிலில் ஏறக்குறைய 1 நிமிடம், 1.5 என்றால் 2 நிமிடம். நான் 2 நிமிடத்தில்தான் தொடங்குவேன். மாலை மஞ்சள் வெயிலில் ஒளி மீட்டரை நம்பாமல் கூட்டிக் கொடுங்கள், இந்தப் பேப்பருக்குச் சிவப்பு தெரியாது.

நிழலுக்கு மருந்து ப்ரீஃபிளாஷ், அதாவது படம் எடுக்கும் முன்பே தாளுக்குக் கொஞ்சம் ஒளி காட்டுவது. நெகட்டிவ் இல்லாத எனலார்ஜரின் (படத்தைப் பெரிதாக்கும் கருவி) கீழ், லென்ஸின் துளையை நன்றாகச் சிறிதாக்கி, ஒரு துண்டுத் தாளில் விநாடிக்கு ஒரு படியாக ஒளியைக் கூட்டி டெஸ்ட் ஸ்ட்ரிப் போடுங்கள். டெவலப் செய்து காய்ந்ததும், கறுப்பு லேசாகத் தளரும் முதல் படியைத் தேடி, அதற்கு முந்தைய படியின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த நேரத்தை ஒவ்வொரு தாளுக்கும் கொடுத்த பிறகே கேமராவில் ஏற்ற வேண்டும். திண்ணையின் விளிம்பு அப்போது தெரியும். வெயில் பட்ட சுவர் கொஞ்சம் சீக்கிரம் வெளுக்கும், ஆகையால் எக்ஸ்போஷரையும் சற்றுக் குறையுங்கள்.

மூடாக்கு நாளில் ப்ரீஃபிளாஷ் செய்த தாளில் வரும் சாம்பல் நிறங்களுக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கேமராவுக்குள் இருந்த அதே தாள்தான் கையில் இருக்கும் படம். இடவலம் மாறியிருக்கும், கடைப் பலகைகளைப் படிக்க முடியாது. அது எனக்குக் குறையாகப் படவில்லை.

இத்தனைக்குப் பிறகும், இந்தச் சித்திரை வெயிலில் கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. சாதாரண ஆர்சி பேப்பரில் (பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்) நெகட்டிவ் எடுத்து, அதை இன்னொரு தாளோடு ஒட்டிவைத்து ஒளி காட்டிக் கான்டாக்ட் போடுங்கள்: செலவு குறைவு, நிழலும் கிடைக்கும்.