நாலு வருடமாக அமெரிக்கப் பங்கு: வரி பரவாயில்லை, ஷெட்யூல் எஃப்ஏ தாங்கவில்லை

அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி போன வாரம் கேட்டான். "அக்கா, நீங்க அமெரிக்க ஷேர் வெச்சிருக்கீங்கல்ல, நானும் மாசம் கொஞ்சம் போடலாமா? டாக்ஸ் நிறைய வருமா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. 2024-25 நிதியாண்டின் வருமான வரி ரிட்டர்னை அனுப்பிவிட்டு முந்தைய இரவு நான் படுத்தபோது மணி இரண்டு. அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2021 ஜூனில் ஆரம்பித்தேன். மாதம் 200 டாலர், மைக்ரோசாஃப்ட் பங்கு மட்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஒருவர் வருடத்துக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அந்த எல்லையின் பக்கமே நான் போனதில்லை. அதனால் டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, அந்தத் தொல்லையும் எனக்கு இல்லை. வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் கூடுதல் தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள் (2025 மார்ச் வரை இந்த வரம்பு 7 லட்சம்). அது தனி வரி அல்ல, முன்பணம்தான். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

டிவிடெண்ட் கணக்கு நேரானது. 100 டாலர் டிவிடெண்ட் என்றால் அமெரிக்காவிலேயே 25 பிடித்துக்கொண்டு 75 தருவார்கள். நான் அமெரிக்காவில் வசிப்பவள் அல்ல என்று தரகரிடம் தரும் டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருப்பதால்தான் 25, இல்லாவிட்டால் 30. இங்கே வருமானமாகக் காட்ட வேண்டியது கைக்கு வந்த 75 அல்ல, முழு 100. நான் 30 சதவீத அடுக்கில் இருப்பதால் செஸ் சேர்த்து 31.20 வரி. அங்கே கட்டிய 25 கழிந்து மீதி 6.20 மட்டும் இங்கே கட்டுகிறேன். தம்பிக்கு இது வேறு மாதிரி. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 20.80 வரைதான் கழிவு கிடைக்கும்; மேலே உள்ள 4.20 போனது போனதுதான். வரியே கட்ட வேண்டாத நிலையில் இருப்பவருக்கு முழு 25-ம் நஷ்டம். இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

இந்தக் கழிவை வாங்கித் தரும் ஃபார்ம் 67 பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். இரண்டு நாட்டு வரி ஒப்பந்தம், படிவம் என்றதும் பயந்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. எந்த நாடு, எவ்வளவு வருமானம், எவ்வளவு பிடித்தம், ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு என்று நிரப்பி, அங்கே பிடித்த வரிக்குச் சான்றாகத் தரகர் தந்த 1042-எஸ்ஸை இணைத்தேன். ஒவ்வொரு வருடமும் கேள்வியில்லாமல் கழிவு கிடைத்திருக்கிறது. ஒரு டாலருக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டாம் என்று எழுதியிருப்பது எனக்கு உண்மையிலேயே நடக்கிறது. அதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

விற்றால் அமெரிக்காவில் வரி இல்லை, இங்கேதான். 24 மாதம் தாண்டினால் நீண்டகால லாபம், 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் நம் அடுக்கு வரி. இந்தியப் பங்குகளுக்குள்ள 1.25 லட்ச விலக்கு இதற்குக் கிடையாது. வாங்கிய விலையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக் கணக்கிடும் பணவீக்கச் சரிக்கட்டலும் 2024 ஜூலை 23 முதல் போய்விட்டது. இதில் ஒரு வலி உண்டு. டாலர் 73 ரூபாயாக இருந்தபோது 1,000 டாலருக்கு வாங்கி, 83 ஆனபோது அதே 1,000 டாலருக்கு விற்றால் பங்கில் ஒரு சென்ட் லாபமில்லை. ஆனாலும் கணக்கில் 10,000 ரூபாய் லாபம், செஸ் சேர்க்காமலே 1,250 வரி. ரூபாய் இறங்கியதற்கு நான் வரி கட்டுகிறேன். இருந்தாலும் ரூபாயில் பார்த்தால் கையில் அந்தப் பணம் இருக்கத்தான் செய்கிறது, பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது ஷெட்யூல் எஃப்ஏ. வெளிநாட்டுச் சொத்துகளை வரிசையாக எழுதும் அட்டவணை.

நம் ரிட்டர்ன் ஏப்ரலிலிருந்து மார்ச் வரைக்கும். இந்த அட்டவணை மட்டும் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும். இந்த வருட ரிட்டர்னில் வருமானமாகக் காட்டியது 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வந்த டிவிடெண்ட். எஃப்ஏவில் காட்டியது 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை வந்தது. ஒரே ரிட்டர்ன், ஒரே பங்கு, இரண்டு இடத்தில் இரண்டு தொகை. இரண்டும் சரி!

இந்த முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முதலில் வாங்கிய ஐந்து தவணைகளை 2024 பிப்ரவரியில் விற்றேன். அந்த லாபத்தைப் போன வருட ரிட்டர்னிலேயே காட்டி, வரியும் கட்டிவிட்டேன். ஆனால் 2024 காலண்டரில் அவை என்னிடம் இருந்தனவே. அதனால் இந்த ரிட்டர்னின் எஃப்ஏவிலும் விற்ற தொகையோடு வந்தாக வேண்டும். லாபம் இங்கே இல்லை, விற்பனை மட்டும் இருக்கிறது. எழுதும்போது தப்புச் செய்கிறோமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆடிட்டரிடம் இரண்டு முறை கேட்டுத்தான் அனுப்பினேன்.

அந்த அட்டவணையில் எத்தனை பதிவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூன் முதல் 2024 டிசம்பர் வரை 43 தவணை. வாங்கிய தேதி, முதல் மதிப்பு என்று தனித்தனிக் கட்டம் இருப்பதால் தவணைக்கு ஒரு பதிவு. 2022-இல் டிவிடெண்டைத் தானாக மறுமுதலீடு செய்யும் வசதியைத் தெரியாமல் போட்டு வைத்திருந்தேன், அதில் நாலு. மொத்தம் 47. அந்த நாலில் முதலாவது 2 டாலர் 80 சென்ட்டுக்கு வாங்கியது, நம் பணத்தில் இருநூறு ரூபாய் சொச்சம். அதற்கும் நாடு, நிறுவனத்தின் பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு, வாங்கிய தேதி, முதல் மதிப்பு, வருடத்தின் உச்ச மதிப்பு, டிசம்பர் 31 மதிப்பு எல்லாம் வேண்டும்.

உச்ச மதிப்பு இன்னும் மோசம். 2024-இல் மைக்ரோசாஃப்ட் உச்சம் தொட்டது ஜூலைத் தொடக்கத்தில். பிப்ரவரியில் விற்றதற்கும் ஆகஸ்டுக்குப் பிறகு வாங்கியதற்கும் அந்த விலை பொருந்தாது, தனியே தேட வேண்டும். பிறகு ரூபாயாக்க எஸ்பிஐயின் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விகிதம், அதாவது வங்கி டாலரை வாங்கும் விலை: முதல் மதிப்புக்கு வாங்கிய நாளுடையது, உச்சத்துக்கு உச்ச நாளுடையது, இருப்புக்கு டிசம்பர் 31-உடையது. டிவிடெண்டுக்கோ முந்தைய மாதக் கடைசி நாளுடையது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதில் போனது.

இவ்வளவு கோபம் வர ஒரு காரணம் இருக்கிறது. முதல் வருட ரிட்டர்னை நான் அப்போது நம்பிய ஒரு ஆடிட்டர் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தில் போட்டுவிட்டார். வெளிநாட்டுச் சொத்து இருந்தால் அந்தப் படிவமே ஆகாது. அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. 2022 நவம்பரில் தற்செயலாகப் படித்தபோதுதான் தெரிந்தது: 2015-இன் கறுப்புப் பணச் சட்டப்படி காட்டாமல் விட்டால் அபராதம் 10 லட்சம். என்னிடம் அந்த ரிட்டர்னுக்குரிய 2021 காலண்டர் வருடக் கடைசியில் இருந்த பங்கின் மதிப்பு ஒரு லட்சத்துச் சொச்சம். வரி கட்டிய சம்பளத்தில், வங்கி வழியாக அனுப்பி வாங்கியது. கறுப்புப் பணம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரை நினைத்துப் பார்த்து அழுதிருக்கிறேன். டிசம்பரில் ஐடிஆர்-2-இல் திருத்திய ரிட்டர்ன் போட்டேன், 31-ஆம் தேதிக் கெடுவுக்குள். ஃபார்ம் 67 கெடுவை மதிப்பீட்டு ஆண்டின் (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிவு வரை நீட்டி அந்த ஆகஸ்டில்தான் விதியைத் திருத்தியிருந்தார்கள். அதனால் டிவிடெண்ட் கழிவும் தப்பியது.

இப்போது நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் அல்லாத வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 10 லட்ச அபராதம் இல்லை. எழுதும் கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

காலண்டர் வருடத்துக்கு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நிதிக் கணக்குத் தகவலைப் பரிமாறிக்கொள்ள அமெரிக்காவுடன் 2015-இல் போட்ட ஃபாட்கா ஒப்பந்தப்படி அங்குள்ள கணக்குத் தகவல் இங்கே வருவது காலண்டர் வருடக் கணக்கில்தான். நாம் எழுதியதும் அங்கிருந்து வருவதும் ஒத்துப்போக வேண்டாமா? வேண்டும். வெளிநாட்டில் ஒளித்து வைத்தவர்களைப் பிடிக்க இது தேவைதான், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 2 டாலர் 80 சென்ட்டுக்குத் தனிப் பதிவு எதற்கு? ஒரு நிறுவனத்துக்கு ஒரே பதிவு, கூட்டுத் தொகை, தரகரின் வருடாந்திர அறிக்கை இணைப்பு. அது போதாதா?

தம்பிக்குச் சொன்னது இதுதான்: ஆரம்பிக்காதே. வரி நியாயம்தான், டிவிடெண்ட் கழிவு ஒழுங்காக வருகிறது, நாலு வருடத்தில் என் பணமும் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. இருந்தாலும் ஆரம்பிக்காதே. வெளிநாட்டுப் பங்குகளில் போடும் இந்திய மியூச்சுவல் ஃபண்ட் ஏதாவது புதுப் பணம் வாங்குகிறதா பார். யூனிட் உன்னுடையது, பங்கு ஃபண்டுடையது, உனக்கு எஃப்ஏ கிடையாது.

அவன் முகம் வாடிவிட்டது. "நீங்க வித்துடுவீங்களாக்கா?" என்று கேட்டான். விற்கப் போவதில்லை. மாதத் தவணையை மட்டும் நிறுத்திவிட்டேன். இனி வருடத்துக்கு ஒரே முறை, ஜனவரியில், ஒரே பதிவாக. அப்படியானால் தானும் அப்படியே செய்வதாகச் சொன்னான். மறுமுதலீட்டு வசதியை முதல் நாளே அணைக்கச் சொல்லி, தேதி, எண்ணிக்கை, டாலர் விலை, அன்றைய டிடி விகிதம் என்று நான் வைத்திருக்கும் எக்செல் தாளை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன்.