நேட்டால் போன முனுசாமி: ஆறு வருடத் தேடலில் எது உதவியது, எது காலை வாரியது

எங்கள் வீட்டுப் பீரோவில் 1926இல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருக்கிறது. நிலத்துக்கு நான்கெல்லை சொல்லிக்கொண்டே போகும் கையெழுத்து, நடுவில் ஓரிடத்தில் இப்படி எழுதுகிறது: “மேற்படி முனுசாமி நேட்டால் தேசம் போய் நாளது வரையில் யாதொரு தகவலும் இல்லாதபடியால்…” அதோடு அவர் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் ஒரு பகுதி. முனுசாமி என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி. “அண்ணன்கூட சண்டை போட்டுக்கிட்டு கப்பலேறிட்டாரு” என்று பாட்டி சொன்னது மட்டும்தான் அவரைப் பற்றி வீட்டில் இருந்த மொத்தச் செய்தி.

2020 ஊரடங்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது அவரைத் தேட ஆரம்பித்தேன். இன்றுவரை விடவில்லை. வம்சாவளித் தளங்களைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் விமர்சனங்களெல்லாம் லண்டன்காரர்களும் அமெரிக்கர்களும் எழுதியவை. வாலாஜா தாலுகாவில் ஒரு கிராமத்தில் வேர் உள்ளவனுக்கு அவை எந்த அளவுக்குப் பயன்படும் என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதனால்தான் இது.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாமே அங்கிருந்துதான் தொடங்கும். பிரிட்டனில் 100 வருடம் ஆனதும் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் வந்தன. அமெரிக்காவில் 72 வருடம். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வந்தது. வீட்டு எண், தலைவர் பெயர், மனைவி, பிள்ளைகள், வயது, தொழில் எல்லாம் வரிசையாக இருக்கும். அவர்களுக்கும் இழப்பு உண்டு. இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942இல் தீயில் போயின. அமெரிக்காவின் 1890 கணக்கில் பெரும்பகுதியும் தீக்குத்தான். ஆனாலும் மிச்சம் இருப்பதே நமக்குப் பொறாமையைக் கிளப்பும்.

நம் நாட்டிலும் 1881இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கொண்டுதான் வந்தார்கள். சென்னை மாகாண அறிக்கைகளைப் படித்தால் தாலுகாவில் எத்தனை வீடு, எத்தனை நெசவாளர், எந்தச் சாதியில் எத்தனை பேர் என்றெல்லாம் தெரியும். ஆனால் பெயர் கிடையாது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனி மனிதர் விவரத்தை யாரும் பார்க்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். என்னைப் போன்ற ஆளுக்கு அது பூட்டிய கதவு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் ஒரு கட்டணத் தளத்தில் ஒரு வருடச் சந்தாவும் கட்டிவிட்டேன். ‘இந்தியா’ என்று தேடினால் அங்கே வந்ததெல்லாம் கம்பெனிச் சிப்பாய்கள், பாதிரிகள், தோட்டத் துரைமார்கள். வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கும் சர்ச் பதிவேடு உள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அது சரி. எங்களுக்கு ஒரு வரிகூட இல்லை. சந்தாவை நிறுத்த மறந்து இரண்டாவது வருடத்துக்கும் பணம் போனது தனிக் கதை.

இலவசம் என்பதால் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தின் பக்கம் போனேன். சால்ட் லேக் சிட்டியில் உள்ள மார்மன் திருச்சபை நடத்துவது. முன்னோர்களுக்காக அவர்கள் மதத்தில் ஒரு சடங்கு உண்டு. அதனால்தான் உலகம் முழுக்கப் போய்ப் பதிவேடுகளைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்கள். காரணம் எதுவானாலும் நமக்கு லாபம். இந்தியப் பகுதி மெலிவுதான், ஆனால் நேட்டாலின் பழைய திருமணப் பதிவுகள், இறப்புப் பதிவுகள், இறந்தவர் சொத்துக் கோப்புகள் எல்லாம் அங்கே உண்டு. சில படங்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அவர்களுடைய மையத்துக்கே போக வேண்டும். தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம் என்பதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்குப் பொன்னாள். ஏனென்றால் முனுசாமியை ஆங்கிலேய எழுத்தர்கள் மூன்சாமி, முன்சாமி, மூனசாமி, மொனியசாமி என்று காதில் விழுந்தபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். உயிரெழுத்து வரும் இடத்தில் எல்லாம் நட்சத்திரத்தைப் போட்டு, மெய்யெழுத்தை மட்டும் நம்புங்கள்.

உண்மையான திருப்பம் கப்பல் பட்டியலில்தான் கிடைத்தது. சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் துறைமுகமான டர்பனைத் தொட்டது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அந்தப் பட்டியல்களைத் தட்டச்சு செய்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் தேடும்படி வைத்திருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் தழும்பு, உயரம் வரை உண்டு.

அந்த வரிசைகளை முதல்முறை பார்த்த இரவு தூங்கவில்லை. ஊரிலேயே இருந்து உழுது பயிரிட்டு, கோயிலுக்கு முன்னின்று, ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி வாழ்ந்த என் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தப் பத்திரத்தில் உள்ள கைநாட்டைத் தவிர ஒரு காகிதமும் இல்லை. எத்தனை வயதில் செத்தார் என்றுகூடத் தெரியாது. கோபித்துக்கொண்டு ஓடிய தம்பிக்கு, முழங்கால் தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடினால் பிடிக்க வேண்டுமே, அதற்காக. மாதம் பத்து ஷில்லிங்கில் தொடங்கும் கூலி, ஐந்து வருட ஒப்பந்தம். 1895க்குப் பிறகு போனவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் மறு ஒப்பந்தமும் போடாமல், ஊருக்கும் திரும்பாமல் அங்கேயே இருந்தால் வருடத்துக்கு மூன்று பவுண்டு தலைவரி. அதாவது முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதப் பணம். 1914 வரை அது நீங்கவில்லை. மனிதனை எண்ணாகப் பார்த்தவர்கள் விட்டுப்போன தாளைத்தான் நாம் இன்று பாசத்தோடு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறோம்.

சரி, தேடலுக்கு வருவோம். வட ஆற்காடு ஜில்லா முனுசாமிகள் அறுபதுக்கு மேல் வந்தார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டியலில் உள்ள ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. 1911இல் சித்தூர் பிரிந்தது, 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. எங்கள் ஊர் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ‘வட ஆற்காடு’ என்று போட்டிருப்பவரின் ஊர் இன்று ஆந்திராவிலும் இருக்கலாம். தாலுகாப் பத்தியைப் பாருங்கள், அதுதான் நம்பகம். சாதிப் பத்தியை நம்பவே வேண்டாம். கேட்டவனுக்கு என்ன புரிந்ததோ, சொன்னவனுக்கு எது பாதுகாப்பாகத் தோன்றியதோ அதுதான் அங்கே இருக்கும்.

வாலாஜா என்று வடிகட்டினால் ஏழு பேர். தகப்பன் பெயர் ஏழுமலை என்று வடிகட்டினால் மூன்று பேர். வயதுக்குப் பொருந்தியவர் ஒருவர்: 1899இல் போனவர், வயது 21. கிராமத்தின் பெயர் எங்கள் ஊர்ப் பெயரைப் போலவும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

மரம் வரையும் மென்பொருள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான்கு மாற்றிப் பார்த்தேன். எல்லாமே ‘கடைசிப் பெயர்’ கேட்கும். நமக்கு ஏது? தகப்பன் பெயரைப் போட்டால் தலைமுறைக்கு ஒரு குடும்பப் பெயராக, ஒரே வீட்டுக்காரர்கள் ஐந்து வெவ்வேறு குடும்பமாகத் தெரிவார்கள். அதைவிடப் பெரிய கூத்து, சொந்தத்தில் கல்யாணம். என் தாத்தா கட்டியது அக்காள் மகளை. அதை உள்ளிட்டதும் மென்பொருள், “இவர்கள் ஒரே நபராக இருக்கலாம், சரிபார்க்கவும்” என்று சிவப்பில் எச்சரித்தது. கொள்ளுப்பாட்டி ஒருவரே மரத்தில் இரண்டு கிளையில் வந்து உட்கார்ந்தார். ஒரு பொதுமரத் தளத்தில் முகம் தெரியாத ஒருவர் என் தாத்தாவையும் அவர் மாமனாரையும் ‘நகல்’ என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டார். பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. கடைசியில் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் நிலைத்தேன். கணினியிலேயே இருக்கும், தமிழில் பெயர் எழுதலாம், யாரும் வந்து கை வைக்க முடியாது. அழகு கம்மி. ஜெட்காம் என்ற, வம்சாவளி மென்பொருள்களுக்கெல்லாம் பொதுவான கோப்பாக மாதம் ஒரு பிரதி எடுத்து வைக்கிறேன். எந்தத் தளம் மூடினாலும் அந்தக் கோப்பு வேறு எங்கும் திறக்கும்.

உள்ளூர் ஆவணங்களில் எதிர்பார்த்தது ஏமாற்றியது, எதிர்பாராதது கைகொடுத்தது. பழைய பத்திரங்களின் நகலுக்காக ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஐந்து முறை நடந்தேன். “அந்த வால்யூம் செல்லரிச்சுப் போச்சு சார்” என்று ஐந்தாவது முறைதான் சொன்னார்கள். முதல் முறையே சொல்லியிருக்கலாம். 1980இல் கர்ணம், முன்சீப் பதவிகளை எடுத்தபோது பழைய கணக்குகள் என்ன ஆயின என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

ஆனால் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே தலைக்கட்டு வரி நோட்டுகள். திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்த கணக்கு, 1951லிருந்து. யார் எப்போது தனிக்குடித்தனம் போனார், யார் இறந்து மகன் பெயர் ஏறியது, யார் பட்டணம் போய்விட்டார் என்று வருடா வருடம் எழுதியிருக்கிறது. இதைவிட நல்ல கணக்கெடுப்பை நான் எந்தத் தளத்திலும் பார்க்கவில்லை. உங்கள் ஊரிலும் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். முதலில் அதைப் போய்க் கேளுங்கள், சந்தா அப்புறம் கட்டலாம். கூடவே பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் சேருங்கள். ஒரே தாளில் மூன்று தலைமுறைப் பெயரும் ஊரும் வந்துவிடும்.

டிஎன்ஏ சோதனை அமெரிக்காவில் இருக்கும் தம்பி எடுத்தது. பெரிதாக நம்பியிராத அதிலிருந்துதான் டர்பன் பக்கத்து அக்கா ஒருவர் பொருத்தமாக வந்தார். இருவருக்கும் பொதுவான டிஎன்ஏ 90 சென்டிமார்கனுக்குச் சற்று மேல் (அந்தப் பங்கை அளக்கும் அலகு அது). மூன்றாம் பங்காளி உறவுக்கு, அதாவது கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பியாக இருப்பவர்களுக்கு, சராசரி 73 என்று கணக்கு. ஆனால் அந்தச் சராசரி, சொந்தத்தில் கட்டாதவர்களை வைத்துப் போட்டது. நம்மைப் போல மாமன் மகள், அத்தை மகன் என்று சுற்றிச் சுற்றிக் கட்டினால் எண் வீங்கிவிடும். தூரத்து உறவும் கிட்டத்து உறவாகத் தெரியும். அதனால் குதிக்கவில்லை.

அந்த அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழ் பேச வராது, ஆனால் புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை என்றார். அவர் வீட்டில் காலனி எண் எழுதிய காகிதத்தைச் சட்டம்போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணை அனுப்பினார். என் பட்டியலில் மிஞ்சிய அந்த 21 வயதுக்காரரின் எண்.

இறப்பு அறிவிப்பைத் தேடி எடுத்தோம். தென்னாப்பிரிக்காவில் அந்தப் படிவத்தில் பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் எல்லாம் கேட்பார்கள். ஆவலாகத் திறந்தால் பெற்றோர் பத்தியில் ‘தெரியாது’ என்று மகன் எழுதியிருக்கிறார். பிறந்த ஊர்: இந்தியா. அவ்வளவுதான். ஆனால் அந்த மகனின் பெயர், பத்தியில் தடித்த மையில், ஏழுமலை. அக்காவின் தாத்தா. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கப்படி என் தாத்தாவும் ஏழுமலைதான். எங்கள் பக்கத்தில் கல்லெறிந்தால் ஓர் ஏழுமலை மேல்தான் விழும் என்பதால் இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். கிராம்ப்ஸில் அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாகவே வைத்திருக்கிறேன். அக்காவின் பிள்ளைகளுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. போன பொங்கலுக்கே என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பத்திரத்தைப் படம்பிடித்து, வரிக்கு வரி அர்த்தம் எழுதி அனுப்பினேன். முனுசாமி பங்கு முக்கால் காணி என்ற இடத்தில் அக்கா நிறுத்திக் கேட்டார், காணி என்றால் எவ்வளவு என்று. 1.32 ஏக்கர், அப்படியானால் உங்களுடையது ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்று எழுதினேன். சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது: “அப்போ வாடகை பாக்கி எவ்வளவு?” அந்த நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 1978இல் விற்றிருக்கிறோம்.