ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: ஐடில் ஆடினால் முதலில் 032ஐப் பாருங்கள்

முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்-இல் இந்தியாவுக்கு வந்தது 150 குதிரைத்திறன் இஞ்சின். ஐரோப்பாவில் அதே 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ 180 கொடுத்தது. நீண்ட நாள் வைத்து ஓட்டுபவர்களுக்கு இஞ்சினின் உள்பாகங்கள் தரும் தொல்லை குறைவு. தொல்லையெல்லாம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும் ரப்பர் ஹோஸ்களில்தான். சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது, ஏசி போட்டால் அணைந்துவிடப் பார்க்கிறது என்றால் சந்தேகம் முதலில் அங்கே போகட்டும்.

பல பட்டறைகளில் முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றுவார்கள், அல்லது ஃபால்ட் கோடை அழிப்பார்கள். இரண்டுமே தடயத்தை அழிக்கும் வேலை. இஞ்சின் சூடேறிய பிறகு விசிடிஎஸ்-ஐ (இந்த வண்டிகளைப் படிக்கும் கணினி மென்பொருள்) இணைத்து, எதையும் அழிக்காமல், மெஷரிங் பிளாக் 032ஐ, அதாவது நேரடி அளவுகளைக் காட்டும் 032ஆம் பக்கத்தைத் திறங்கள். முதல் எண் ஐடிலில் ஈசியு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) செய்துவைத்த எரிபொருள் திருத்தம். இரண்டாவது, ஓட்டத்தில் செய்தது.

முதல் எண் மட்டும் பிளஸ் பக்கம், அதாவது எரிபொருளைக் கூட்டும் பக்கம் எகிறியிருந்தால் ஏர் லீக். காரணம் எளிது. ஐடிலில் இந்த இஞ்சின் இழுக்கும் காற்றே நொடிக்கு சுமார் 2 முதல் 4 கிராம் (பிளாக் 003இல் தெரியும்). உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரைத் தாண்டி ஒரு சின்ன விரிசல் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தாலும் கலவை மெலிந்துவிடும். 3000 ஆர்பிஎம்மில் அதே விரிசல் பொருட்டே இல்லை. இதற்குரிய கோட் பி1136. முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது மட்டும் பிளஸில் ஏறினால் ஏர்ஃப்ளோ மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, அல்லது ஃபியூயல் பிரஷர் போதவில்லை, கோட் பி1128. மைனஸ் பக்கம் போனால் என்80 பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை இஞ்சினுக்குள் விடுவது) திறந்தபடி மாட்டிக்கொண்டதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு எண்ணும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் நல்லது. 10 சதவீதத்தைத் தாண்டினால் வேலை இருக்கிறது.

லீக்கைத் தேட, பைப்புக்குள் புகை செலுத்திக் காட்டும் ஸ்மோக் மெஷினுக்கு ஈடு இல்லை. அது இல்லையென்றால் ஏர்ஃப்ளோ மீட்டருக்குப் பின்னால் இன்டேக் பைப்பை அடைத்து, 5 பிஎஸ்ஐக்கு மிகாமல் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அந்தக் காற்று கிராங்க்கேஸுக்குள்ளும் (இஞ்சினின் அடிப்பகுதி) போகும். அதிகம் ஏற்றினால் ஆயில் சீல் பிதுங்கும். கார்ப் கிளீனரைப் பீய்ச்சித் தேடும் வழக்கத்தை இந்த வண்டியில் விட்டுவிடலாம். அது தீப்பற்றும் திரவம்; கொதிக்கும் டர்போவோ இஞ்சினுக்குப் பின்புறமே இருக்கிறது.

விரிசல் பெரும்பாலும் மூன்று இடங்களில் கிடைக்கும்: ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்து மேலே வரும் பிரீதர் ஹோஸ் (கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும் குழாய்), பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் கூட்டும் ஜெட் பம்ப், அந்த ஆவி திரும்பிப் போகாமல் தடுக்கும் பிசிவி செக் வால்வு. செக் வால்வை வாயால் ஊதிப் பார்த்தாலே போதும், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். என்80-உம் மின்சாரம் இல்லாதபோது இறுக மூடியிருக்க வேண்டும். பிரீதருக்கு மலிவு விலை சிலிகான் ஹோஸ் வேண்டாம்; ஆயில் பட்டுப்பட்டு ஊறித் தளர்ந்துவிடும். ஒரிஜினல் ரப்பர், அல்லது உள்ளே ஃப்ளோரோசிலிகான் பூச்சுள்ளது.

ட்யூன் செய்த வண்டிகளில் வேறொரு கதை. சத்தத்துக்காகக் காற்றை வெளியே விடும் டம்ப் வால்வு போட்டிருந்தால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஏற்கெனவே அளந்த காற்று வெளியே போய்விடும். எரிபொருள் மட்டும் கணக்குப்படி விழுந்து ஆர்பிஎம் சரியும், சில நேரம் வண்டி அணையும். காற்றை மறுபடி இன்டேக் பைப்புக்கே திருப்பும் 710 என் வகை வால்வைப் போட்டால் தீரும். எண்ணெய் தடவிய பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டரும் ஏர்ஃப்ளோ மீட்டர் சென்சாரில் படலம் படியவைக்கும். அதைச் சுத்தம் செய்ய அதற்கென்றே விற்கும் ஸ்பிரே மட்டும்தான். பிரேக் கிளீனர் கூடாது.

லீக் அடைபட்ட பிறகே த்ராட்டில் பாடியைத் (காற்றின் அளவைத் திறந்து மூடும் பாகம்) தொடுங்கள். துணியில் கிளீனர் நனைத்துத் துடைத்து, இக்னிஷன் ஆன், இஞ்சின் ஆஃப், பெடலைத் தொடாமல், விசிடிஎஸ்-இல் பேசிக் செட்டிங்ஸ் 060ஐ ஓட்டுங்கள்; ஈசியு த்ராட்டிலின் நிலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். ஏடிபி ஓகே என்று வர வேண்டும். பேட்டரி 11.5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் வராது.

இத்தனைக்கும் 032 சுத்தமாக இருந்து, பிளாக் 015, 016இல் மிஸ்ஃபயர் (கலவை சரியாக எரியாமல் தவறுவது) எண்ணிக்கை ஏறினால் காயில், பிளக் பக்கம் போங்கள். பிளக் இடைவெளி 0.8 மிமீ-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. அங்கேயும் பூஜ்யம், ஆர்பிஎம் ஊசி அசையவில்லை, ஸ்டீயரிங் மட்டும் உதறுகிறது என்றால் இஞ்சின் மவுண்ட் (இஞ்சினைத் தாங்கும் ரப்பர்) போய்விட்டது.